வெள்ளை அடித்த கற்கள்

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை விட்டு ஒரு மண்பாதை பிரியும். அதில் கொஞ்ச தூரம் போனால் சின்னக் குன்று. அடிவாரத்தில் தர்பூசணி போடுகிற ஒரு துண்டு நிலம், அதற்கு மேல் பாறை, புதர், வேலிக்காத்தான். ஆடுகள் நடந்து நடந்து உண்டான தடம் ஒன்று குன்றைச் சுற்றிக்கொண்டு ஏறி, மறுபக்கம் வளைந்து வளைந்து இறங்கும். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அந்த இறக்கம் ஒன்றே போதும். அதில் பல மாதம் ஓட்டிய பிறகுதான் அது யாருடைய நிலம் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும், வேறு யாரோ நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தில் வேலை பார்க்கிறவர்கள், என்னைப் போல அவர்கள் வீட்டில் இருப்பவர்கள், புதுப்பட்டினத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர். என் கணவர் ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறார். நான் ஒரு சென்னை மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் கரூர் பக்கம்.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது சைக்கிள் ஓட்டத் தொடங்கினேன். மருத்துவர் நடக்கத்தான் சொன்னார். நடந்தால் உடம்பு மட்டும்தான் வெளியே வந்தது. கேஸை மூடினேனா, பால் ஆறிவிட்டதா, கட்டிலில் தலையணை ஓரமாக இருக்கிறதா என்று மனம் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இறக்கத்தில் அப்படி முடியாது. அடுத்த கல்லை மட்டும்தான் பார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். எனக்கு அது வேண்டியிருந்தது.

மகளை வார நாட்களில் புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் குழந்தைகள் காப்பகத்தில் விடுவேன். அங்கே குழந்தைகளுக்குச் சோறு ஊட்டி, தூங்கவைத்து, கழுவிவிட ஓர் அக்கா இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எல்லா அம்மாக்களையும் அவர் பாப்பாம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆண் குழந்தையின் அம்மாவும் பாப்பாம்மாதான். ஒரு திங்கட்கிழமை ஸ்கூட்டர் பழுதாகிச் சைக்கிளிலேயே மகளை விடப் போனேன். அக்கா குனிந்து டயரைப் பார்த்தார்.

"இந்த மண்ணு எங்க மண்ணாச்சே."

"எந்த மண்ணு அக்கா?"

"ஒட்டிகினு கீதே, செவப்பா. குன்னு மேல சைக்கிளு உட்றது நீங்கதானா?"

ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அக்கா மகளை இடுப்பில் வாங்கிக்கொண்டே சொன்னார்: "எனுக்கும் என் தம்பிக்கும் அது. பாதி பாதி. இன்னும் பிரிக்கல."

அவருடைய அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். தம்பி சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரமான பிறகு, அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கிய நிலம் இது. ஊரில் மற்றவர்கள் வாங்கிய கையோடு பிரித்து நடுவே வேலி போட்டுக்கொண்டார்கள். இவர்கள் போடவில்லை. அதில் இருவருக்கும் ஒரு பெருமை இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"ஓட்டுங்க, வாணான்னு சொல்லல. படலைத் தொறந்தா மூடணும். கொடி மேல ஏறக் கூடாது. மழை பெஞ்ச மறுநாளு வரக் கூடாது, தடம் அறுத்துகினு பூடும். அவ்ளோதான் பாப்பாம்மா."

படல் என்பது பனைமட்டையும் கம்பியும் சேர்த்துக் கட்டியது. தூக்கித்தான் நகர்த்த வேண்டும், நகர்த்தித்தான் மூட வேண்டும். அன்றைக்கே மூன்றையும் குழுவில் எழுதினேன். எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். எழுதியதில் கட்டளைத் தொனி இருக்கிறதோ என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

குழுவில் இருந்தவர்கள் ஓரளவு ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஆனால் யாரோ ஒருவர் தடத்தைச் சைக்கிள்காரர்களின் செயலி ஒன்றில் ஏற்றிவிட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கார்கள் வந்தன. கூரைமேல் இரண்டு மூன்று சைக்கிள்கள். அவர்களுக்கு அக்காவைத் தெரியாது, மூன்று நிபந்தனைகளும் தெரியாது. வளைவுகளில் பொறுமையில்லாமல் நேராக இறங்கினார்கள். ஒருவர் இறங்கிய இடத்தில் அடுத்த வாரம் புதுத்தடம் இருக்கும். பாறை இடுக்கில் சாக்லேட் உறை மின்னும். ஒருவர் பாட்டுப் பெட்டியைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு வந்தார். ஆடுகள் பயந்து மறுபக்கம் ஓடின.

மார்கழி முடியும் நேரம், தர்பூசணி பிஞ்சு பிடித்திருந்தது. ஒரு ஞாயிறு படல் திறந்தே கிடந்து மாடுகள் உள்ளே போய்ப் பிஞ்சுகளைத் தின்றுவிட்டன. சொட்டுநீர்க் குழாயையும் மிதித்துப் பிய்த்திருந்தன.

மறுநாள் அக்கா அதை என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். ரசம்சாதத்தைப் பிசைந்து என் மகளுக்கு ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"மாட்ட கொற சொல்ல முடியுமா. தொறந்து கீது, போச்சு. நீ ஆ காட்டுடி."

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருண்டை வழக்கம்போலத்தான் இருந்தது. மகள் வழக்கம்போலத்தான் வாய் திறந்தாள். ஆனாலும் அன்று இரவு அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நிலத்தில் நாங்கள் செய்ததற்கு அக்கா குழந்தையிடம் எதையும் குறைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொட்டுப் பார்த்தேன். கணவர் கேட்டதற்கு, செரிக்கவில்லையோ என்று பார்த்தேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு, ஓட்டி முடித்துச் சாலையோர டீக்கடையில் நின்று பேசினோம். குழுவை ஆரம்பித்தவர் ஒரு மூத்த பொறியாளர், நாகர்கோவில்காரர், ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடம் இருந்தது. எல்லோரும் அவரை சார் என்போம்.

"பாதை எங்க இருக்குன்னு தெரியலன்னா வரவன் எங்க வேணா போவான்," என்றார் சார். "தப்பு அவன் மேல மட்டும் இல்ல. டிசைன் சரியில்ல. ரெண்டு பக்கமும் கல்லு வச்சு வெள்ளை அடிச்சிருவோம். கண்ணை மூடிட்டு வந்தாலும் தெரியும்."

"கண்ணை மூடிட்டுத்தான் சார் வரானுங்க," என்றார் கடைக்காரர்களில் ஒருவர்.

"சார் ரிட்டயர் ஆனதும் ஹைவேஸ்ல சேத்துக்குவாங்க," என்றார் இன்னொருவர்.

எல்லோருக்கும் யோசனை பிடித்திருந்தது. எனக்கும்தான். மறுநாள் அக்காவிடம், பாதை தெரிகிற மாதிரி அடையாளம் வைக்கலாமா என்று கேட்டேன். ஒரு குழந்தையின் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வெச்சிக்கோங்க, வெச்சிக்கோங்க," என்றார்.

சனிக்கிழமை காலை பத்துப் பேர் வந்தார்கள். குன்றில் கல்லுக்குப் பஞ்சமில்லை. உருட்டிவந்து, தடத்தின் இரு ஓரமும் சீரான இடைவெளியில் வைத்து, பாதி புதைத்து, சுண்ணாம்பு அடித்தோம். நான் தூரிகை பிடித்தேன். சார் சிவப்புப் பெயின்டும் கொண்டுவந்திருந்தார். யாராவது விழுந்து அடிபட்டால் எந்த வளைவு என்று போனில் சொல்ல வசதியாக, ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெரிய கல்லில் எண் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மேலே போனது. வெயில் ஏறியபோது கீழே நின்று பார்த்தோம். பச்சைக்கு நடுவே வெள்ளை வரிசை, சிவப்பு எண்கள். படம் எடுத்தோம்.

இந்த மாவட்டத்தில் வெள்ளை அடித்துச் சிவப்பில் எண் எழுதி வரிசையாக நட்ட கல்லுக்கு ஒரே அர்த்தம்தான். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் தெரியும். வயலாக இருந்த இடத்தில் கல் நின்றால் மனை போட்டாகிவிட்டது, விற்கப்போகிறார்கள் என்று பொருள். நாங்கள் பத்துப் பேரும் தினமும் அந்தக் கற்களைத் தாண்டித்தான் போய்வருகிறோம். எங்களில் மூன்று பேர் அப்படிப்பட்ட மனை வாங்கியும் வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு அன்று மாலையே தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கர் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டி, சாலையோர மனை எது என்று கேட்டிருக்கிறார். அக்கா விரட்டியிருக்கிறார். அவர் விடாமல் தம்பியின் எண்ணை எங்கிருந்தோ வாங்கி அவரையும் கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை மாலை நான் மகளை அழைக்கப் போனபோது காப்பக வாசலில் ஒரு பைக் நின்றது. கம்பெனிச் சட்டையோடு ஓர் ஆள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிக்கொண்டு நின்றார். அக்கா படியில் நின்றிருந்தார்.

"யக்கா, எனுக்கு எந்த நம்பரு? அத்த மட்டும் சொல்லிடு. ஒண்ணா, ரெண்டா?"

"டேய், கத்தாத. கொழந்தைங்க தூங்குது."

"எவனோ ஒருத்தன் போன் பண்ணி, அண்ணாத்த, கார்னர் பிளாட்டு எனுக்குத்தான்ங்கிறான். லைன்ல நின்னுகினு பேசறேன், சூப்ரவைசர் மொறைக்கிறான். இன்னா பிளாட்டுன்னா, உங்க அக்காவே கல்லு நட்டு கீறாங்களேன்றான்."

"அது சைக்கிளு உட்றதுக்குடா."

"சைக்கிளு உட்றதுக்கு எவனாவது கல்லு நடுவானா? கத சொல்றியா எனுக்கு?"

"நான் இன்னாத்துக்குடா கத சொல்லப்போறேன்?"

"பிரிக்கணும்னா மூஞ்சிக்கு நேரா கேளுக்கா. குடுத்துட்டுப் போறேன். ஊரே தெரிஞ்சிகினு கீது, நான்தான் தெரியாம கீறேன்."

மகள் உள்ளிருந்து என்னைப் பார்த்து அம்மா என்றாள். பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றும், போகக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"கல்லு வெச்சது நாங்கதாங்க," என்றேன். "அக்காவுக்குத் தெரியாது."

அவர் திரும்பினார். "நீங்க இன்னா, புரோக்கரா?"

"இல்ல. நான் சைக்கிள் ஓட்டறேன்."

என் புடவையையும் தோளில் தொங்கிய குழந்தைப் பையையும் பார்த்தார். நம்பவில்லை. போனை எடுத்து சனிக்கிழமை எடுத்த படத்தைக் காட்டினேன். அதிலும் ஒருவரும் சைக்கிளோடு இல்லை. எல்லோரும் கற்களுக்குப் பின்னால் கை கட்டி நின்றிருந்தோம். மனைப்பிரிவு திறப்பு விழா மாதிரிதான் இருந்தது. பழைய படங்களைத் தேடி, ஹெல்மெட்டோடு நான் சேற்றில் விழுந்து கிடக்கும் படம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டினேன். அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆமா."

"இதுக்கு உங்க வூட்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "சரி, நீ பண்ணலன்னே வெச்சிக்கிறேன். ஊருக்கு எப்டி சொல்லுவ? கல்லெல்லாம் போவணும். வழியே வாணாம். ஞாயித்துக்கெழம வந்து முள்ளு வெச்சிட்றேன்."

அவர் போன பிறகு அக்கா மகளின் செருப்பைத் தேடி மாட்டிவிட்டார். "சொல்லிடு பாப்பாம்மா உங்காளுங்கள்ட்ட. வழி இல்லன்னு. தம்பி ஒருத்தன்தான் எனுக்கு."

சரி அக்கா என்றேன். வேறு எதுவும் கேட்கக் கூடாது என்று தெரிந்தது. வழியெல்லாம், அக்காவுக்குத் தெரியாது என்று சொன்னதே தவறோ என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அடையாளம் வைக்கலாமா என்று கேட்டேனே. கேட்டது அவருக்கு நினைவிருந்தால் என்னைப் பொய் சொல்கிறவள் என்று நினைப்பார். அவரைக் காப்பாற்றச் சொன்னதாகவும் நினைக்கலாம். இரண்டில் எது என்று அடுத்த நாள் முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழுவில் எழுதினேன். பலர் வருத்தப்பட்டார்கள். சிலர், சட்டப்படி அது ஆட்டுத்தடம், யாரும் மறிக்க முடியாது என்று எழுதினார்கள். சார் மட்டும் எனக்குத் தனியாக, ஞாயிறு கம்பி பிரஷ் கொண்டுவருகிறேன் என்று அனுப்பினார்.

ஞாயிறு நான்கு பேர்தான் போனோம். தம்பி அதற்கு முன்பே வந்து வேலிக்காத்தான் முள்ளை வெட்டி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கற்களைப் பிடுங்கிக் கவிழ்க்கத் தொடங்கினோம்.

"கவுத்தா போதாது சார்," என்றார் தம்பி. "நாளைக்கு மழ வந்தா அடியில வெள்ளயா தெரியும். மறுபடியும் போன் பண்ணுவான்."

குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தேய்த்தோம். சுண்ணாம்பு போனது. சிவப்பு பெயின்ட் போகவில்லை. சார் மண்டிபோட்டு நான்காம் எண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எண் எழுதிய கற்களை மட்டும் அக்கா வீட்டில் துவைக்கப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். பிறகு சாரின் சைக்கிளைத் தூக்கிப் பார்த்து, என்ன விலை என்றார். சார் பாதி விலைதான் சொன்னார். அதற்கே அவர் சைக்கிளை மெதுவாகக் கீழே வைத்தார்.

கற்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனோம். வீடு குன்றின் மறுபக்க அடிவாரத்தில், ஊர்த் தெருவைப் பார்த்து இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எண்களைப் பார்த்தார்கள்.

"இன்னா, பிளாட்டு கேன்சலா?" என்றார் ஒருவர்.

"பிளாட்டே இல்லம்மா," என்றார் தம்பி.

"ஏன், ரேட்டு படியலியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. கல்லை இறக்கிவிட்டு, முற்றத்தில் நின்ற அக்காவிடம், "பாத்தியா? கல்ல எடுத்தாலும் நம்ப மாட்டாங்க. முள்ளு வெச்சா இன்னும் மோசம். வித்துட்டு வேலி போட்டாங்கன்னுவாங்க," என்றார்.

அக்கா குழாயடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சார் ஹெல்மெட்டோடு ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"அப்ப இப்டி செய்வோமா," என்றார் அக்கா. "ரோட்டாண்ட முள்ளு இருக்கட்டும். ஓட்றவங்க நம்ம தெருவால, நம்ம வூட்டாண்ட வரட்டும். எறங்கி, முத்தத்துல தள்ளிகினு மேல போவட்டும். சைக்கிளுதான்னு இவளுங்க வாரா வாரம் பாக்கட்டும். வரவன் மூஞ்சியும் எனுக்குத் தெரியும்."

தம்பி யோசித்தார். "மெட்ராஸ் ஆளுங்க எறங்குவானுங்களா? அதெல்லாம் வேலைக்கு ஆவாது."

"எறங்கலன்னா போவட்டும்." பிறகு என் பக்கம் கை நீட்டினார். "இது நிக்கும். இது இருந்தா உடுவேன். இது வராத வாரம் வழி கெடையாது."

தம்பி என்னைப் பார்த்தார். சேற்றில் கிடந்த படம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சரிக்கா, உன் இஷ்டம்," என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வழி திறந்திருக்கிறது. ஞாயிறு காலை நான் மகளையும் அழைத்துக்கொண்டு அந்த முற்றத்துக்குப் போய்விடுவேன். அவள் குட்டிகளோடு இருப்பாள். வருகிறவர்களை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்வேன். முதல் சில வாரம், வேகம் எடுக்க முடியாது என்று சண்டை போட்டார்கள். ஒருவர் என்னிடம், நீங்கள் யார், உரிமையாளரா என்று கேட்டார். இல்லை, இங்கே குழந்தையை விட்டிருக்கிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று அவர் போன பிறகு தோன்றியது. துணி துவைக்கிற இடத்தைக் கடந்து, ஈரப் புடவைகளுக்குக் கீழே குனிந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு மேலே போகிறவர்கள் தர்பூசணிக் கொடிமேல் ஏறுவதில்லை. ஏன் என்று நான் ஆராயவில்லை. நேராக இறங்குவது நின்றுபோனது. கார்களில் பாதி வருவதில்லை. குழுவிலும் சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போய்த் திரும்பும் வரை நான் இருக்க வேண்டும். மகள் தூங்கிவிட்டால் கடைசியில் ஒரு சுற்றுப் போவேன். பல வாரம் அதற்கு நேரம் இருப்பதில்லை. தம்பி வருகிற ஞாயிறுகளில் வாசலில் அவர் நிற்பார், நான் முதலிலேயே போய்வந்துவிடலாம்.

போன வாரம் சனி இரவு மழை பெய்தது. குழுவில் வழி இல்லை என்று எழுதிவிட்டேன். ஆனாலும் தெரியாமல் யாராவது வந்துவிடுவார்கள் என்று போனேன். ஒரு கார் வந்தது. தாம்பரத்திலிருந்து விடியுமுன் கிளம்பியதாகச் சொன்னார்கள். மேலே பாறைதானே, காய்ந்திருக்கும் என்றார்கள். இல்லை என்றேன். அவர்கள் சைக்கிளை இறக்கவே இல்லை. அக்கா கொடுத்த டீயை நின்றபடி குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

மகள் துவைகல்லில் உட்கார்ந்து நான்காம் எண்ணை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் வந்தது.

"நீ மட்டும் ஒரு சுத்து போய்ட்டு வாயேன் பாப்பாம்மா," என்றார் அக்கா. "யாரு பாக்கப்போறாங்க. ஒருத்தி போனா இன்னா ஆவும்?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தடம் தொடங்கும் இடம் வரை போனேன். குனிந்து கட்டைவிரலால் மண்ணை அழுத்தினேன். கொஞ்சம்தான் உள்ளே போனது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும் போலவும் இருந்தது, இறுகாது போலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது குழாயடியில் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் திருப்பி முற்றத்துக்கு இறக்கினேன். விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் துவைகல்லில் துடைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டேன்.